3.30க்குக் கீழே ஆட்கள் தேவையில்லையாம்

போன மாதம் எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு வேலை விளம்பரம் வந்து விழுந்தது. தனியார் நிறுவனம் ஒன்றுக்குப் பயிற்சிநிலை உத்தியோகத்தர் ஆறு பேர் தேவை. வேலை என்ன எண்டால், கிராமங்களுக்குப் போய் மகளிர் குழுக்களோடு கதைத்து, கடன் எடுத்த ஆட்களின் நிலைமையை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேணும். தமிழும் சிங்களமும் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிய வேணும். எல்லாம் நியாயமான கேள்விதான். கடைசி வரியில் இப்படிக் கிடந்தது: ஜிபிஏ 3.30 அல்லது அதற்கு மேல், ஏனையோர் விண்ணப்பிக்க வேண்டாம்.

குறூப்பில் நூற்றுச்சொச்சம் பேர் இருக்கிறோம். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் பெறுபேற்றுத் தாளைத் திறந்து கூட்டிப் பார்த்திருப்போம் எண்டு நினைக்கிறோம்.

எங்களுக்கு முந்தின பட்ச் அக்கா ஒருவருக்கு அந்த விளம்பரத்தை அனுப்பினோம். சமூகவியல் சிறப்புப் பட்டம் முடித்தவர். ஆய்வுக்கட்டுரைக்காக மூன்று மாதம் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நின்று, நுண்கடன் எடுத்த பெண்களோடு கதைத்து எழுதினவர். சிங்களம் தண்ணி பட்ட பாடு. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில்தான் அந்தக் கிராமத்துக்கே போய் வந்தவர். இந்த வேலைக்கு இவவை விடப் பொருத்தமான ஆளை அந்த நிறுவனம் விளக்குப் பிடிச்சுத் தேடினாலும் கண்டுபிடிக்காது. அக்கா ஒரு வரியில் பதில் போட்டா: "எனக்கு 3.28 அடா."

அந்த 0.02 என்னவெண்டு கணக்குப் பார்த்தோம். கலைப்பீடத்துக்காரருக்குக் கணக்கு வராது எண்டு சொல்லுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ. நாலு வருடத்தில் 120 கிரெடிட். 3.28 ஐ 120 ஆல் பெருக்கினால் 393.6 புள்ளி. 3.30 க்கு 396 வேணும். குறை 2.4. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் 'சி' க்குப் பதில் 'பி' எடுத்திருந்தால் மூன்று புள்ளி கூடும், கதை முடிந்தது. அக்காவின் தாளில் அப்படி ஒரு 'சி' இருக்கிறது. அது எப்படி வந்தது?

இரண்டாம் வருடப் பரீட்சை நேரம் அக்காவின் அம்மா ஆஸ்பத்திரியில். வார்டில் இரவு நிற்க வேற ஆள் இல்லை. ஒரு தாளுக்குப் போக முடியவில்லை. பரீட்சைக்குப் போகாதவர் மெடிக்கல் குடுத்து அது ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவதை முதல்தரம் எழுதுவதாகவே எடுப்பார்கள். ஆனால் மெடிக்கல் மாணவருக்கு வருத்தம் வந்தால்தான். அம்மாவுக்கு வருத்தம் வந்தால் அதுக்கு ஒரு படிவமும் இல்லை. சிலர் தனியாரிடம் காசு குடுத்து ஒரு காய்ச்சல் எழுதி எடுத்திருப்பார்கள், அக்கா எடுக்கவில்லை. ரிப்பீட் எழுதினா. ரிப்பீட்டில் எவ்வளவு நல்லா எழுதினாலும் 'சி' க்கு மேல் போட மாட்டார்கள், அதுதான் சட்டம். "வழமையா எழுதியிருந்தா தாராளமா பி வரும் தாள்" எண்டு படிப்பிச்ச மிஸ்ஸே சொன்னவா.

ஆக, 3.28 க்கும் 3.30 க்கும் நடுவில் இருப்பது அறிவும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி வார்ட். அதை அந்த நிறுவனத்தின் கம்பியூட்டர் வாசிக்காது. ஒன்லைன் படிவத்தில் 3.28 எண்டு அடித்தால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும், அடுத்த பக்கம் திறக்காது. நாங்கள் அடித்துப் பார்த்தோம்.

இங்கே ஒரு விசயத்தை யோசிக்க வேணும். நாங்கள் கம்பஸுக்குள் வரும்போது இந்த நாட்டின் அரசாங்கமே ஒன்றை ஒத்துக்கொள்கிறது: எல்லா இடத்திலும் எடுத்த புள்ளியும் ஒரே புள்ளி இல்லை. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. இதில் ஆயிரம் பிழை பிடிக்கலாம். 1970களின் தொடக்கத்தில் ஒரே பரீட்சைக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல் என்ன செய்தது எண்டு எங்கட வீடுகளில் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டுப்புள்ளி எண்டது யாரோ ஒரு ஆள் ஒரு மேசையில் இருந்து தீர்மானிக்கிற ஒன்று, ஆகாயத்தில் இருந்து விழுவதில்லை எண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்லாத் தெரியும். ஆனால் பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் முல்லைத்தீவில் இருந்தும் நுவரெலியாவில் இருந்தும் வந்து எங்களோடு ஒரே வாங்கில் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலை எண்டால் என்ன எண்டு உள்ளே வரும்போது கணக்கெடுக்கிறோம். நாலு வருடம் கழித்து வெளியே போகும்போது? எல்லாரையும் ஒரே தராசில் போட்டு இரண்டாம் தசமதானம் வரை நிறுக்கிறோம். அந்த நாலு வருடத்தில் எல்லாருக்கும் எல்லாம் சமமாகிப்போச்சோ? மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான். அதில் போடிங் வாடகை குடுத்து மிச்சம் பிடிச்சவர் யாராவது இருந்தால் எங்களுக்கும் வழி சொல்லுங்கோ. மற்றவர்கள் பின்னேரம் கடையில் நிற்கிறார்கள், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன் குடுக்கிறார்கள். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் போன் சார்ச் பண்ண அயலூருக்குப் போன ஆட்களும், ஜெனரேட்டர் வீட்டு ஆட்களும் ஒரே சூம் வகுப்பில்தான் இருந்தார்கள்.

சரி, அது அனுதாபக் கதை எண்டு ஒதுக்குங்கோ. நிறுவனங்களின் நன்மைக்காகவே ஒன்று சொல்கிறோம்.

எங்கட பீடத்தில் விருப்பத்துக்குரிய பாடங்கள் பதிகிற கிழமையில் வந்து பாருங்கோ. "இந்தப் பாடத்தில் என்ன படிக்கலாம்" எண்டு கேட்கிற ஆள் குறைவு. "அந்த சேர் ஏ போடுவாரா" எண்டுதான் கதை. இரண்டாம் மொழியாகச் சிங்களம் எடுக்கலாம், எடுக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஏன்? எங்களுக்குச் சிங்களம் வேண்டாமோ? வேணும். கச்சேரியில், பொலிஸில், வேலைத்தளத்தில் என்ன வேணும் எண்டு எங்களுக்குத் தெரியாதா? ஆனால் சிங்களத்தில் பி மைனஸ் வரும், அது சராசரியை இழுத்து விழுத்தும். ஏற்கனவே ஏ.எல்லில் படித்த பாடத்தையே திரும்ப எடுத்தால் பழைய நோட்ஸிலேயே ஏ வரும். புள்ளிவிபரவியலுக்கும் இதே கதி. களஆய்வுப் பாடம் எண்டால் இன்னும் மோசம், மூன்று மாதம் வெயிலில் அலைந்து பி பிளஸ் எடுப்பதை விட, விரிவுரைக் குறிப்பைப் பாடமாக்கி ஏ எடுக்கலாம்.

பிறகு இதே நிறுவனங்கள் மேடை போட்டுச் சொல்லுகினம்: கலைப்பட்டதாரிகளுக்கு மொழி தெரியாது, தரவு தெரியாது, களம் தெரியாது. ஐயா, அவற்றைப் படிக்காமல் தப்பி வந்தவர்களைத்தானே நீங்கள் 3.30 எண்டு வடிகட்டி எடுக்கிறீர்கள். தெரியாததைத் துணிந்து படித்தவன் உங்கட வடியில் தங்கவில்லை.

இதில் நாங்கள் நல்லவர்கள் வேசம் போடவில்லை. எங்களில் மூன்று பேர் போன வருடம் சிங்களத்தைப் பதிந்துவிட்டு இரண்டாவது கிழமை கழற்றினவர்கள்தான்.

குப்பி பற்றியும் சொல்ல வேணும். கம்பஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பரீட்சைக்கு முதல் விளங்கின ஒருத்தர் விளங்காத பட்ச்சைக் கூட்டி வைத்து இரவிரவாகப் படிப்பிப்பதுதான் குப்பி. சம்பளம் இல்லை, பிளேன்ரீ மட்டும். எங்கட பட்ச்சில் பொருளியல் குப்பி எடுத்த பெடியன் சொல்லித் தந்ததில் பதினைந்து பேராவது பாஸானோம். அவனுக்கு அந்தப் பாடத்தில் பி பிளஸ், அவனிடம் கேட்டுப் படித்த இரண்டு பேருக்கு ஏ. விளங்காதவருக்கு விளங்கப்படுத்துகிற திறமைக்கு ஒரு ஆசிரியர் வேலையில், ஒரு கள உத்தியோகத்தர் வேலையில் என்ன பெறுமதி? பெறுபேற்றுத் தாளில் அதற்கு ஒரு நிரலும் இல்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டு "அதுதானே, புள்ளியில் என்ன இருக்கு" எண்டு கைதட்ட வாறவர்களுக்கு: கொஞ்சம் நில்லுங்கோ. நாங்கள் உங்கட பக்கமும் இல்லை.

தொழில் வழிகாட்டல் எண்டு ஒரு செயலமர்வு எங்கட பீடத்தில் நடந்தது. கோட் சூட்டோடு வந்த ஒருவர் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். ஜிபிஏ எண்டது வெறும் இலக்கம், நாங்கள் ஆளுமையைத்தான் பார்க்கிறோம், நம்பிக்கையாகக் கதைக்கிற விதத்தைத்தான் பார்க்கிறோம் எண்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டு. பின்வரிசையில் இருந்த எங்களுக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. ஏனெண்டால் ஆளுமை எண்டால் என்ன எண்டு அவர் விளக்கின விதம் அப்படி. கைகுலுக்குகிற முறை, ஆங்கில உச்சரிப்பு, எந்தக் கழகத்தில் தலைவராக இருந்தீர்கள், வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனீர்களா. சிங்கள மாணவர்கள் கம்பஸில் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', வாள். அந்தப் பெயர் வைத்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வருவது உடனே விளங்கும்.

எங்களில் ஒருத்தி நேர்முகப் பரீட்சை ஒன்றுக்குப் போனாள். முதல் கேள்வி, எந்தப் பாடசாலை. இரண்டாவது கேள்வி, அப்பா என்ன செய்கிறார். அப்பா தோட்டத்தில் வேலை எண்டாள். மூன்றாவது கேள்வி வரவில்லை, "நன்றி, அறிவிப்போம்" மட்டும் வந்தது. அவளிடம் 3.6 இருந்தது. அந்த அறையில் அவளுக்காகக் கதைத்திருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த 3.6 தான். அதையும் வெறும் இலக்கம் எண்டு தூக்கி வீசினால் அவளிடம் என்ன மிச்சம்?

இந்த நாட்டில் புள்ளி இல்லாமல் வேலை குடுத்த காலம் புதிசில்லை. 1977 க்குப் பிறகு வந்த ஆட்சியில் 'தொழில் வங்கி' எண்டு ஒரு திட்டம் இருந்தது, வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போய், அவர்கள் ஊடாகத்தான் சனத்துக்கு வந்தன. எம்.பி.யைத் தெரிந்தவருக்கு வேலை. 1987–89 இல் தெற்கில் எத்தனையோ இளைஞர்கள் செத்து முடிந்த பிறகு நியமித்த இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் குடுத்த அறிக்கை, இளைஞர்களின் கோபத்துக்கான காரணங்களில் பிரதானமான ஒன்றாக அரசியல்மயமாதலையே சொன்னது. தகுதி இருந்தும் தெரிந்த ஆள் இல்லாததால் தெருவில் நின்ற தலைமுறையின் கதை அது. முப்பத்தைந்து வருடம் கழித்து 'தெரிந்த ஆள்' எண்ட சொல்லுக்கு 'நெட்வேர்க்கிங்' எண்டு பெயர் மாற்றிப்போட்டு எங்களுக்கே செயலமர்வு நடத்துகினம்.

சுட்டெண் எண்டது எங்களுக்குச் சாதாரண விசயம் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் இருந்து தாளின் மேல்மூலையில் எழுதுகிற அந்த இலக்கம், எங்கட பெயரை, ஊரை, சாதியை, அப்பாவின் தொழிலை மறைக்கிற ஒரு திரை. திருத்துகிறவருக்கு நாங்கள் ஆர் எண்டு தெரியாது. அந்தத் திரை இருந்ததால்தான் எங்களில் பாதிப்பேர் இங்கே இருக்கிறோம். (கம்பஸுக்குள் வந்த பிறகு திரை கொஞ்சம் கிழியும். சிறப்புத் துறையில் ஒன்பது பேர் எண்டால் ஒன்பது கையெழுத்தும் சேருக்குத் தெரியும். இரண்டாவது திருத்துநர் எண்டு ஒருவர் இருப்பது ஓரளவு ஆறுதல்.)

புள்ளியே பார்க்காமல் ஆள் எடுத்த இன்னொரு பரிசோதனையும் அண்மையில் நடந்தது. 2020 இல் பட்டதாரிப் பயிலுநர்கள் எண்டு 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பல்லாயிரம் பேரை எடுத்தார்கள். முதலாம் வகுப்பும் சாதாரண சித்தியும் ஒரே வரிசை. எங்கட அக்காமார் அண்ணாமார் பலர் அதில் போனவர்கள், அதற்காக நாங்கள் சிரிக்கவில்லை. 2017 இல் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னாலும் மட்டக்களப்பில் காந்தி பூங்காவிலும் மாதக்கணக்கில் கொட்டில் போட்டு இருந்த பட்டதாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் போனவர்கள் சொல்வதைக் கேளுங்கோ: அலுவலகத்தில் கதிரை இல்லை, மேசை இல்லை, குடுக்கிறதுக்கு வேலையும் இல்லை. பொருளியல் படித்தவருக்கும் நாட்டியம் படித்தவருக்கும் ஒரே வேலை, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து. ஆளை அளக்காமல் எடுத்தவர்களுக்கு ஆளை எங்கே போடுவது எண்டும் தெரியவில்லை.

அப்ப என்னதான் செய்யச் சொல்லுகிறீர்கள் எண்டு கேட்பீர்கள். ஆறு இடத்துக்கு அறுநூறு விண்ணப்பம் வந்தால் எப்படி வாசிக்கிறது எண்டு நிறுவனங்கள் கேட்பது பொய்யான கேள்வி இல்லை.

எங்கட நிலைப்பாடு இது. புள்ளி கதவாக இருக்கட்டும், ஏணியாக இருக்க வேண்டாம். பட்டம் சித்தியடைந்திருக்க வேணும், அல்லது இரண்டாம் வகுப்பு வேணும் எண்டு ஒரு வாசலை வைக்கலாம். வாசலைத் தாண்டின பிறகு 3.31 காரர் 3.62 காரருக்குக் கீழே இல்லை. பிறகு வேலையையே பரீட்சையாக வையுங்கோ. கள அறிக்கை எழுதுகிற வேலை எண்டால், ஒரு மணித்தியாலம் குடுத்து இரண்டு பக்கத் தகவலைத் தந்து ஒரு பக்க அறிக்கை எழுதச் சொல்லுங்கோ. சுட்டெண்ணோடு. பெயர், பாடசாலை, புகைப்படம் ஒன்றும் இல்லாமல். சிங்களம் வேணும் எண்டால் சிங்களத்தில் ஒரு பந்தி தாங்கோ, தமிழில் மாற்றுகிறோம். நேர்முகம் கடைசியில் வரட்டும், அதில் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் ஒரே கேள்வியாக இருக்கட்டும், அப்பாவின் தொழில் அதில் வேண்டாம்.

இது கனவு இல்லை. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் இருந்தால் போதும், எந்த வகுப்பு எண்டு கேட்பதில்லை. எழுத்துப் பரீட்சையில் சுட்டெண்தான் பேசும். அதிலும் குறை உண்டு, ரியூசன் இல்லாமல் அந்தப் பக்கம் போக ஏலாது எண்டாகிவிட்டது. ஆனாலும் மாவட்டங்களை நிர்வகிக்கப் போகிறவர்களைத் தெரிவதற்கே ஜிபிஏ தேவையில்லாத நாட்டில், கடன் அறிக்கை எழுதப் போகிறவருக்கு 3.30 வேணுமாம்.

அறுநூறு தாள் திருத்தச் செலவாகும் எண்டால், ஆகட்டும். இப்பவும் செலவு இருக்கிறது, அதை அக்கா மாதிரி ஆட்களின் தலையில் கட்டிவிட்டு மிச்சம் பிடிக்கிறார்கள். எங்களில் இரண்டு பேர் இன்னும் ஒருபடி மேலே போய், வாசலைத் தாண்டினவர்களில் நூறு பேரைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்து அந்த நூறு பேருக்குப் பரீட்சை வையுங்கோ எண்டு சொல்லுகிறார்கள். மற்றவர்களுக்கு இது ஏற்பில்லை, உழைப்பை லொத்தர் ஆக்குவதா எண்டு ஒரு இரவு முழுக்கச் சண்டை. "0.02 இல் விழுவது மட்டும் லொத்தர் இல்லையோ" எண்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தச் சண்டை முடியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் புள்ளிக்குக் கூடிய பாரம் குடுக்க நாங்கள் சம்மதம். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக வருகிறவருக்கு முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ கேட்பது நியாயம். அந்தப் பாடத்தைத்தானே படிப்பிக்கப் போகிறார். ஆனால் அங்கேயும் புள்ளி போட்டவரே பிறகு நேர்முக மேசையில் இருக்கிற கதை உண்டு. அதை இன்னொரு கட்டுரையாக எழுதுவோம், பட்டம் கையில் கிடைத்த பிறகு.

அக்கா கடைசியில் விண்ணப்பித்தா. ஒன்லைனில் விடவில்லை எண்டதால், படிவத்தை அச்செடுத்து, ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தையும் இணைத்து, கிளை அலுவலகத்தில் நேரே கொண்டுபோய்க் குடுத்தா. வாங்கின பிள்ளை நல்ல பிள்ளையாம், தேதி முத்திரை குத்திப் பிரதியும் குடுத்ததாம். முடிவுத் திகதி கழிந்து பதினெட்டு நாள். ஒரு அழைப்பும் இல்லை.

எங்கட கடைசி செமிஸ்டருக்குப் பாடம் பதிய வருகிற வெள்ளி வரை நேரம் இருக்கு. சிங்களம் பதிந்தவர்கள் இப்போதைக்கு ஐந்து பேர். அதில் போன வருடம் கழற்றின மூன்று பேரும் அடக்கம்.